படுகைச் சருகில் மரப்பேன்

மரப்பேன் நிலத்தில் வாழும் ஓட்டுடலி. நண்டும் இறாலும் எந்தக் குலமோ இதுவும் அதே குலம். நீளம் பெரும்பாலும் அரை சென்டிமீட்டரிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் வரை இருக்கும். நிறம் சாம்பல் அல்லது பழுப்பு. முதுகில் ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த தகடுகள், அடியில் ஏழு இணைக் கால்கள். புதுச்சேரியில் வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி ஆற்றுப் படுகையில் பாதி மண்ணில் புதைந்து கிடக்கும் தென்னை மட்டையைப் புரட்டினால், வெளிச்சம் பட்டதும் நாலாபுறமும் சிதறி ஓடும் சிற்றுயிர்களுக்கு நடுவே இப்படிப்பட்ட உருவங்களையும் தேடிப் பார்க்கலாம்.

மரப்பேன் என்பது ஏட்டு வழக்கு. ஊர்ப்பேச்சில் இதுவும் ‘பூச்சி’ என்ற பொதுப்பெயருக்குள் அடங்கிவிடுகிறது. உண்மையில் இது பூச்சியும் அல்ல, பேனும் அல்ல. பூச்சிக்கு ஆறு கால், இதற்குப் பதினான்கு. தலைப்பேனைப் போல எந்த உயிரின் இரத்தத்தையும் இது உறிஞ்சுவதில்லை. மழைக்காலத்தில் சுவரேறும் மரவட்டையோடு இதைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. மரவட்டைக்கு உடல் நீளம். பெரும்பாலான வளையங்களில் இரண்டிரண்டு இணைக் கால்கள். பூரானுக்கு வளையத்துக்கு ஓரிணை. அது கடித்து வேட்டையாடும் உயிர். மரப்பேன் கடிக்காது, கொட்டாது, நோய் பரப்பாது. கையில் எடுத்துப் பார்க்க அஞ்ச வேண்டியதில்லை.

கால்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில், ஒரே வடிவில் இருப்பதால் இந்த வரிசை உயிர்களுக்குச் சமக்காலிகள் என்று பெயர். சமக்காலிகளில் மிகப் பல இன்னும் கடலிலேயே இருக்கின்றன. மீனின் செவுளிலும் வாயிலும் ஒட்டி வாழும் ஒட்டுண்ணிகளும் இவற்றில் உண்டு. புதுச்சேரிக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில் 1961இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் ஆய்வு மையத்தில் அவற்றைப் பற்றி விரிவாக ஆய்ந்திருக்கிறார்கள். அலையாத்தி மரங்களின் வேரையும் படகின் அடிப்பலகையையும் துளைக்கும் ஸ்பைரோமா இன்னொரு உறவு. ஆழ்கடலின் இருட்டில் 30 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும் பாத்தினோமஸ் இந்தக் குடும்பத்தின் பெரிய உருவம். கடலோரப் பாறை இடுக்குகளில் கரப்பானைப் போல் விரைந்தோடும் லிஜியா, நீரை முழுக்க விடவும் முடியாமல் கரையை விட்டு உள்ளே வரவும் முடியாமல் நடுவில் நிற்கிறது. இந்தக் கூட்டத்தில் மரப்பேன் மட்டுமே ஆற்றங்கரை, வயல், காடு, ஏன் பாலைவனம் வரைக்கும் குடியேறிவிட்டது. 2003இல் ஹெல்முட் ஷ்மால்ஃபுஸ் தொகுத்த உலகப் பட்டியலில் 3,600க்கும் மேற்பட்ட நிலச் சமக்காலி இனங்கள் இருந்தன. பிறகு அந்த எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கிறது.

இந்தக் குடியேற்றம் மிகப் பழையது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுக்கு முன் மரப்பிசினில் சிக்கிக் கல்லாகிப்போன மரப்பேன்கள் மியான்மரில் கிடைத்திருக்கின்றன. சங்கராபரணி புதுச்சேரி எல்லைக்குள் நுழைவதற்கு முன்பே அதன் கரையில் திருவக்கரை இருக்கிறது. அங்கே கல்லாய்க் கிடக்கும் மரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டு. அந்த மரங்கள் இலையுதிர்த்து நின்ற நாளில் மரப்பேன் நிலத்துக்கு வந்து பல கோடி ஆண்டுகள் கடந்திருந்தன.

நிலத்துக்கு வந்த உயிர், கடலில் இருந்த உடம்பை முழுவதுமாக மாற்றிக்கொள்ளவில்லை. மரப்பேனின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றே போதும். பூச்சியின் தோல்மேல் மெழுகுப் பூச்சு உண்டு. அது உடம்பின் நீரை உள்ளேயே பிடித்துவைக்கும். மரப்பேனின் ஓட்டில் அத்தகைய தடித்த மெழுகுப் பூச்சு இல்லை. காற்று உலர்ந்தால் உடம்பிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மூச்சு விடவும் ஈரம் வேண்டும். இதன் வயிற்றின் அடியில் ஐந்து இணை மெல்லிய தகடுகள் இருக்கின்றன. கடலில் வாழும் உறவுகளுக்கு இவையே செவுள். மரப்பேன்களில் பல இனங்களுக்கு இத்தகடுகளில் சிலவற்றுக்குள் நுண்குழல்கள் கிளைத்த சிறு மூச்சுப்பைகள் உருவாகியிருக்கின்றன. உயிரோடு புரட்டிப் பார்த்தால் வால்பக்கத்தில் தெரியும் வெண்புள்ளிகள் அவைதாம். அந்தத் தகடுகள் காய்ந்துபோனால் மூச்சும் நின்றுபோகும்.

ஆகவே நீரைச் சேர்ப்பதற்கும் காப்பதற்கும் இந்த உடம்பில் இருக்கும் ஏற்பாடுகள் வியக்க வைக்கின்றன. வாயால் குடிப்பது போக, வால்முனையில் நீண்டிருக்கும் இரண்டு சிறு முட்களை ஈரத்தில் வைத்துப் பின்புறமாகவும் நீரை இழுத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டியிருந்தால் சில இனங்கள் காற்றிலுள்ள நீராவியையே உறிஞ்சிவிடும். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் அறுகம்புல் நுனியெல்லாம் பனி கோத்து நிற்கும் படுகை, அப்படிப்பட்ட இனங்களுக்கு நீர்ப்பந்தல். கழிவை வெளியேற்றுவதிலும் சிக்கனம்தான். பல நில உயிர்கள் சிறுநீராகக் கழிப்பதை மரப்பேன் அம்மோனியா வாயுவாக ஓட்டின் வழியே விட்டுவிடுகிறது. அதற்காக நீர் அதிகம் செலவாவதில்லை.

கூட்டமாக ஒட்டிக் கிடப்பதும் நீருக்காகவே. சிகாகோ பல்கலைக்கழகத்தின் வார்டர் அல்லீ 1926இல் இதை ஆய்ந்து எழுதினார்: உலர்ந்த இடத்தில் தனியாக விடப்பட்ட மரப்பேன் விரைவில் காய்கிறது, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தவை நீரை மெதுவாகவே இழக்கின்றன. ஒரு கல்லைப் புரட்டினால் ஒன்றுமே இருக்காது, அடுத்த கல்லைப் புரட்டினால் ஐம்பது இருக்கும் என்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஈரம் எங்கே நிற்கிறது, எவ்வளவு நாள் நிற்கிறது என்று கேட்டாலே மரப்பேனின் இருப்பிடத்தைத் தேட வேண்டிய இடம் தெரிந்துவிடும். செஞ்சி மலைப் பகுதியில் பிறந்து, வீடூர் அணையைத் தாண்டி வரும் சங்கராபரணி வில்லியனூர் வழியாக ஓடி, திருக்காஞ்சியைக் கடந்து, அரியாங்குப்பம் ஆறாகவும் சுண்ணாம்பாறாகவும் பிரிந்து கடலில் சேர்கிறது. பாகூருக்குத் தெற்கே தென்பெண்ணை. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து அதன் நீரைப் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்குக் கொண்டுவருகிறது. இரண்டு ஆற்றின் கரைகளும், இடையில் வலைபோல் பின்னிய வாய்க்கால்களும், ஏரிக்கரைகளும், வயல் வரப்புகளும் சேர்ந்ததே இந்த மண்ணின் ஈரப் படம்.

ஆற்றை ஒட்டிய மணல்திட்டில் மரப்பேனுக்கு வேலையில்லை. நீர் வடிந்த சில நாளில் மேல்மணல் கொதிக்கும். ஒதுங்க நிழல் கிடையாது. நாணலும் விழலும் அடர்ந்த விளிம்பு வந்ததும் நிலைமை மாறுகிறது. அடித்தூரில் ஆண்டாண்டாகச் சேர்ந்த காய்ந்த தாள்கள் மெத்தைபோல் படிந்திருக்கும். மேல்பக்கம் சரசரக்கும், விரலை உள்ளே விட்டால் குளிரும். அந்தக் குளிர்ந்த அடுக்கே மரப்பேனின் வீடு. அதற்கு மேலே, வெள்ளம் எப்போதாவது மட்டுமே தொடும் மேட்டுப் படுகையில் அறுகும் கோரையும் கலந்த புல்வெளி. மாடு மேயும் இடம். குட்டைப் புல்லில் நிழல் குறைவு என்றாலும் அங்கே காய்ந்த சாணவரட்டிகள் கிடக்கும். வரட்டியின் மேல்தோல் ஓடுபோல் இறுகியிருக்கும். அடிப்பக்கத்தில் ஈரம் தங்கும். புல்வெளியின் நடுவில் மரப்பேனைத் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வரட்டியின் அடியைத்தான். மாடு மேய்வது நின்றுபோன படுகையில் இந்தச் சிறு கூரைகளும் இல்லாமல் போகின்றன.

கரையின் பனை, புங்கம், இலுப்பை நிழல் இன்னொரு வகை இடம். விழுந்த பனைமட்டை, உளுத்த அடிமரம், உரிந்த பட்டை ஆகியவற்றின் கீழே மண்ணும் மரமும் சேரும் விளிம்பில் ஈரம் நெடுநாள் நிற்கும். மனிதர் கைபட்ட இடங்களையும் மரப்பேன் விலக்குவதில்லை. எருக்குழி, வைக்கோற்போரின் அடி, மதகின் செங்கல் வெடிப்பு, கிணற்றடி எல்லாம் அதற்கு ஏற்ற இடங்கள். சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூரில் உடைந்த பானை ஓட்டுக்குப் பஞ்சமில்லை. கவிழ்ந்து கிடக்கும் ஒரு ஓட்டாஞ்சில்லு மரப்பேனுக்கு முழு வீடு.

எருக்குழிகளில் தேட வேண்டிய இனம் ஒன்று உண்டு. 1833இல் விலங்கியல் அறிஞர் பிராண்ட் பெயர் சூட்டிய போர்செல்லியோனிடெஸ் புருயினோசஸ் அது. உடம்பெங்கும் நீலச் சாம்பல் மாவு தூவினாற்போல் இருக்கும். விரலால் தொட்டால் மாவு கலையும். கால்கள் வெளுப்பு, ஓட்டமோ வெகுவேகம். எருவோடும் நாற்றோடும் தொட்டிச்செடியோடும் உலகின் வெப்ப நாடுகள் முழுக்கப் பரவிய இனம் இது, இந்தியாவிலும் உண்டு. அதே ஆண்டில் அதே அறிஞர் பெயரிட்ட கியூபாரிஸ் முரினா இதற்கு நேர்மாறு. ஓடாது, சீண்டினால் உருண்டு கடுகுபோல் பந்தாகிவிடும். தகடுகள் வெளியே, காலும் மூச்சுத்தகடுகளும் உள்ளே. பகைக்கு மட்டும் அல்ல, உலர்காற்றுக்கும் இதுவே தற்காப்பு. ஓடித் தப்புவது, உருண்டு தப்புவது, தரையோடு அப்பிக்கொண்டு அசையாதிருப்பது என்று மரப்பேன் இனங்களை உடல்வாகைக் கொண்டு பிரித்தவரும் மேலே சொன்ன ஷ்மால்ஃபுஸ்தான்.

நெல்வயலின் கதை தனி. பாகூரின் நன்செயில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று போகம் மாறும்போதெல்லாம் வயல் நீருக்குள் இருக்கும். சேற்றில் மரப்பேன் வாழாது. வரப்புதான் அதற்குத் தீவு. அறுவடை முடிந்து தாளும் வைக்கோலும் வயலில் கிடக்கும் சில வாரங்கள் அது வரப்பிலிருந்து இறங்கி மேயும். மறுபடி நீர் பாய்ந்தால் ஏறிக்கொள்ளும். புல்லே இல்லாமல் செதுக்கி வழித்த வரப்பில் ஒதுங்க இடமில்லை. வரப்போரத்தில் ஒரு சாண் அகலம் புல்லும் செத்தையும் விட்டுவைத்தால் அது சிற்றுயிர்களுக்கு ஒரு பாதை போலாகும்.

புதுச்சேரியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. மரப்பேனுக்கு அதுவே மேய்ச்சல் காலம், நடமாட்டக் காலம். பகலிலும் சருகின் மேல் வரும். சித்திரை பிறந்ததும் எல்லாம் அடங்கும். அக்கினி நட்சத்திரத்தில் களிமண் வெடிக்கும்போது அந்த வெடிப்புகளும் மண்புழுத் துளைகளும் கீழே இறங்க வழியாகின்றன. மேல்மண்ணில் ஒன்றுகூட இல்லாமல் போனதால் அழிந்துவிட்டது என்று பொருள் இல்லை. முதல் நல்ல மழைக்குப் பின் அதே இடத்தைப் பார்க்க வேண்டும்.

மழை மிஞ்சினால் வேறு சிக்கல். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அடுத்தடுத்த நாட்களில் சங்கராபரணி கரைபுரண்டது. சாத்தனூர் அணையில் திறந்த நீர் தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பகுதிக் கிராமங்களைச் சூழ்ந்தது. வீடும் மாடும் பயிரும் இழந்தவர்களின் துயரத்தின் முன் இந்தச் சிற்றுயிரின் பாடு சிறியதுதான். ஆனால் படுகை உயிர்களுக்கு வெள்ளம் புதிதல்ல. ஈரத்தை விரும்பும் மரப்பேனும் நீருக்குள் நெடுநேரம் தாங்காது. தாளிலும் தண்டிலும் பட்டையிடுக்கிலும் மேலே ஏறும். ஏற முடியாதவை மிதக்கும் செத்தையோடு அடித்துச் செல்லப்படும். வெள்ளம் வடிந்தபின் கரையில் ஒதுங்கிய செத்தைக் குவியலைக் கிளறிச் சிற்றுயிர் தேடுவது ஆய்வாளர்களின் பழைய வழி. வெள்ளம் ஒரு கரையின் உயிரை இன்னொரு கரையில் கொண்டுபோய் விதைக்கவும் செய்கிறது.

மரப்பேனின் உணவு மட்கும் இலை. பச்சை இலையைவிட, மழையில் நனைந்து கசப்பு வடிந்து, பூசணம் படர்ந்த பழைய சருகே அதற்குப் பிடிக்கும். இலையின் சத்தைவிட அதன்மேல் வளர்ந்த பூசணமும் நுண்ணுயிரும் தரும் சத்து பெரிது. தின்று கழித்த சிறு உருண்டைகளில் நுண்ணுயிர்கள் மீண்டும் பெருகும். அவற்றையும் மரப்பேன் தின்னும். இப்படிப் பலமுறை வயிற்றுக்குள் போய்வந்த இலை தூளாகி மண்ணோடு சேர்கிறது. இதை அளவுக்கு மீறிப் புகழவும் கூடாது. வெப்ப மண்டல மண்ணில் சருகை அழிப்பதில் கரையானுக்கே பெரும்பங்கு. ஆனால் கரையான் சருகைத் தன் புற்றுக்குச் சுமந்துவிடும்; மரப்பேன் விழுந்த இடத்திலேயே அரைத்து அங்கேயே விட்டுவிடும். தென்னந்தோப்பிலும் கரும்புக் கொல்லையிலும் மூடாக்கு போடுகிற உழவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். முளைவிடும் இளநாற்றை எப்போதாவது கொறிப்பதுண்டு. நாற்றின் தண்டைச் சுற்றி நாலு விரல் தூரம் மூடாக்கை விலக்கி வைத்தால் போதும், மருந்து தேவையில்லை.

வளர்வதற்கு ஓட்டைக் கழற்ற வேண்டும். மரப்பேன் இதை இரண்டு தவணையாகச் செய்கிறது. முதலில் பின்பாதி உரியும். ஓரிரு நாள் கழித்து முன்பாதி. இடையில் பார்த்தால் பாதி வெளிர், பாதி கருமை என்று இரண்டு உயிரை ஒட்டவைத்தது போல் இருக்கும். ஓட்டின் சுண்ணாம்புச் சத்தை வீணாக்காமல் மார்பின் அடியில் வெண்தகடுகளாகச் சேமித்து, புது ஓட்டுக்குப் பயன்படுத்திக்கொள்ளும். உரித்த தோலையும் தின்றுவிடும்.

தாய் முட்டைகளை மார்பின் அடியில் உள்ள பையில் சுமக்கிறது. பையில் நீர்மம் நிறைந்திருக்கும். கடலை விட்டு வந்த உயிர் தன் குஞ்சுக்கென ஒரு துளிக் கடலைக் கூடவே எடுத்து வந்தாற்போல. அதனால்தான் தவளையைப் போல முட்டையிட நீர்நிலையைத் தேட வேண்டியதில்லை. பையை விட்டு வெளிவரும் குஞ்சு வெள்ளையாக, ஆறு இணைக் காலோடு இருக்கும். ஏழாவது இணை பிறகு தோலுரிக்கையில் முளைக்கும்.

பூரான், சிலந்தி, தேரை, அரணை, மூஞ்சூறு, சருகைக் கிளறும் தவிட்டுக்குருவி, செண்பகம் ஆகியவற்றுக்கு மரப்பேன் இரையாகிறது. சுண்ணாம்பு நிறைந்த இரை என்பதால் முட்டையிடும் பறவைக்கு இது நல்ல உணவு.

மரப்பேனின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு அல்ல, செம்பு. செம்பு தேவைப்படும் உடம்பு அதைச் சேர்த்துவைக்கவும் பழகியிருக்கிறது. கூடவே ஈயம், காட்மியம், துத்தநாகம் ஆகியவற்றையும் செரிமானச் சுரப்பியில் சிறு மணிகளாகப் பூட்டிவைத்துக்கொண்டு உயிரோடிருக்கிறது. இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கு அருகே அவன்மவுத் உலோக ஆலையைச் சுற்றிய மண் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை ஸ்டீபன் ஹாப்கின் 1980களில் மரப்பேன்களின் உடம்பைச் சோதித்து ஆராய்ந்தார். ஆற்றங்கரையில் தொழிற்பேட்டைக் கழிவு கலக்கும் எந்த ஊருக்கும் இந்த வழி பொருந்தும். செலவு குறைந்த சோதனை இது. பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் நிறைந்த புதுச்சேரியில் செய்யக்கூடியது.

இந்த உயிருக்கு மிகப் பெரிய கேடு தீ. அறுவடைக்குப் பின் தாளைக் கொளுத்துவது, கரும்புச் சோகையைக் கொளுத்துவது, படுகை நாணலுக்குக் கோடையில் நெருப்பு வைப்பது, வீட்டு முற்றத்துச் சருகைக் கூட்டிக் கொளுத்துவது ஆகிய எல்லாமே மரப்பேனின் உணவையும் வீட்டையும் ஒரே மூச்சில் அழிக்கின்றன. அடுத்தது ஆற்று மணல் அள்ளல். மணல் போனால் ஆறு ஆழமாகும். கரையின் நிலத்தடி ஈரம் கீழே இறங்கும். படுகைப் புல் காயும். கரையைச் செங்குத்தாக வெட்டிக் கான்கிரீட் பூசுவதும் அதே விளைவைத் தருகிறது. சருகு கூட்டப்படாமல் கிடக்கும் கோயில் காடுகள்தாம் இன்று இவ்வுயிர்களுக்கு மிஞ்சிய நல்ல புகலிடம். புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு அப்படிப்பட்ட ஒன்று.

மரப்பேனைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் செய்து பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு தட்டின் ஒரு பாதியில் நனைத்த துணி, மறுபாதியில் உலர்ந்த துணி விரித்து, நடுவில் பத்து மரப்பேன்களை விட்டு மூடி வைக்க வேண்டும். அரைமணி நேரம் கழித்துத் திறந்தால் பெரும்பாலானவை ஈரப்பக்கம் இருக்கும். ஈரம் எங்கே என்று தெரிந்து அவை நேராக அங்கே போவதில்லை. உலர்ந்த பக்கத்தில் நிற்காமல் அலைகின்றன. ஈரம் பட்டதும் வேகம் குறைந்து நின்றுவிடுகின்றன. அலைந்தவை எல்லாம் கடைசியில் நின்ற இடத்திலேயே சேர்ந்துபோகின்றன. விலங்கியல் அறிஞர் டொனால்ட் கன் 1937இல் விளக்கிய இந்த நடத்தை இன்றும் உயிரியல் பாடங்களில் இடம்பெறுகிறது.

சோதனை முடிந்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். படுகையில் புரட்டிய கல்லை, மட்டையை, ஓட்டை இருந்தபடியே ஈரப்பக்கம் கீழாக மூடிவைத்து வாருங்கள். திறந்து போட்டால் ஒரே வெயிலில் அந்த இடம் காய்ந்துவிடும்.